ஒரே லயன், இரண்டு காகிதம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு மூட்டுவலியில் தொடங்கி, அகவிலைப்படிக்குப் போய், கடைசியில் அரசாங்கம் யார் யாருக்குச் சும்மா கொடுக்கிறது என்பதில் வந்து நிற்கும். அண்மையில் அப்படி ஒரு பேச்சில் இலங்கைத் தமிழர் முகாம்களைப் பற்றி வந்தது. "மாசாமாசம் பணம், அரிசி, கேஸ், இப்போ வீடும் கட்டித் தர்றாங்க. நாற்பது வருஷமாவா சார் உட்கார வைச்சுச் சோறு போடுறது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல மனிதர்தான். தன் பென்ஷனில் பாதியை மருந்துக்குக் கொடுப்பவருக்கு இப்படித் தோன்றுவதில் வியப்பில்லை.

அவர் கேள்வியில் பாதி எனக்கும் உடன்பாடு. 'நாற்பது வருஷமாவா?' என்கிற பாதி. அதைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன்.

முதலில் என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்தபடி, முகாமில் பதிவுபெற்ற குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. அதற்கு முன் இது 1,000, 750, 400 என்று இருந்தது. இலவச அரிசி உண்டு. கேஸ் இணைப்பும், ஆண்டுக்கு ஐந்து சிலிண்டருக்கு மானியமும் உண்டு. படிக்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டு. இடிந்து கிடந்த வீடுகளுக்குப் பதிலாக 7,469 புது வீடுகள் கட்டுவதாகவும் அதே அறிவிப்பில் சொன்னார்கள். 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியதும் அந்த மாதத்தில்தான். முதியோர், விதவை உதவித்தொகைகள் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 2011-ல், முகாம்வாசிகளுக்கும் என்று ஆயின.

புருஷன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 3,500 ரூபாய். குன்னூரில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து, பாலுக்கும் கொடுத்துப் பாருங்கள், எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரியும். இதை வாங்கிக்கொண்டு யாரும் சொகுசாக இல்லை. முகாம் ஆண்கள் பெயின்ட் அடிக்கவும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். தணிக்கை நாளன்று வேலையை விட்டுவிட்டு முகாமுக்கு வந்து நேரில் நிற்கவும் வேண்டும். ஆள் இல்லையென்றால் தொகை நின்றுபோகும்.

ஆகவே, இரு கட்சி ஆட்சியும் தங்கள் பங்குக்குக் கொடுத்திருக்கின்றன. குறை கொடுத்ததில் இல்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வருவாய்த் துறையில் கோப்பு எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நிவாரணம் என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. 1978, 1979 ஆண்டுகளின் பெருமழையில் நம் மலையில் மண் சரிந்து உயிர்களும் வீடுகளும் போனபோது, பட்டியல் எடுத்தோம், பணம் கொடுத்தோம், வீடிழந்தவருக்கு மாற்று இடம் பார்த்தோம், கோப்பை மூடினோம். தாமதம், சண்டை, சிபாரிசு எல்லாம் இருந்தன. ஆனால் மண்சரிவில் வீடிழந்தவனின் பேரன் இன்றைக்கும் 'மண்சரிவுக்காரன்' என்று மாதாமாதம் கையெழுத்துப் போடவில்லை. முகாம் கோப்பு 1983-ல் திறந்தது, இன்னும் மூடவில்லை.

இதை நம் மலைக்காரர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் தமிழ்நாட்டில் வேறு யாரும் இல்லை. ஏனென்றால், இலங்கையிலிருந்து வந்தவர்களைக் கோப்பு மூடும் வகையில் குடியமர்த்திய கதை நம் கண்முன் நடந்தது.

1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்ததும் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் நாடற்றவர் ஆனார்கள். அவர்களை என்ன செய்வது என்று இரண்டு அரசுகளும் பதினாறு வருஷம் இழுத்து, 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் போட்டன. கணக்கு 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி ஒன்றரை லட்சத்தை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துவிட்டு ஆட்களைப் பிறகு தேடினார்கள்.

இந்தியாவின் பங்குக்கு வந்தவர்களைக் 'தாயகம் திரும்பியோர்' என்றது அரசு. நாம் 'சிலோன்காரங்க' என்றோம். அவர்களிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. கண்டியில் இருந்த இந்திய அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை இருந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் தங்கி, அட்டையில் எழுதியிருக்கும் ஊருக்குப் போவார்கள். சிலருக்குத் தொழில்கடன். அந்தப் பணம் மளிகைக் கடையும் மாடுமாகக் கரைந்து, கடைசியில் தெரிந்த தொழிலைத் தேடி மலையேறி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். சிலருக்கு அரசே வேலை கொடுத்தது. 1968-ல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது இவர்களுக்காகத்தான். 1976 முதல் அதுதான் நம் டேன்டீ.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. சாதிச் சான்றிதழுக்கு அவர்கள் அலைந்தது கொஞ்சமல்ல. பாட்டன் எந்த ஊரில் எந்தச் சாதியாக இருந்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டால், கடல் தாண்டிப் போய் நூறு வருஷம் கழித்துத் திரும்பியவன் எதைக் காட்டுவான்? டேன்டீயில் ஓய்வு பெற்றால் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற பிரச்சினையும் இன்றுவரை இருக்கிறது. கழகத்தின் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திரும்பக் கொடுப்பது என்று 2022-ல் முடிவானபோது அந்தக் கவலை கூடியது. ஆனாலும் அவர்கள் ஓட்டுப் போட்டார்கள். கவுன்சிலர் ஆனார்கள். பிள்ளைகள் ஆசிரியராக, நர்ஸாக, வங்கி ஊழியராக ஆனார்கள். அலைந்தாலும் குடிமகனாக அலைந்தார்கள்.

கோத்தகிரிப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பம் உண்டு. பெரியவர் தன் மகனின் சான்றிதழ் விஷயமாக அலுவலகம் வந்து எனக்குப் பரிச்சயமானவர். பூர்வீகம் துறையூர்ப் பக்கம். பிறந்தது ஹட்டன் அருகே ஒரு தோட்டத்தில். 1973-ல் பெண்சாதி பிள்ளைகளோடு கப்பலில் வந்தார். அவருடைய தம்பியும் இந்தியாவுக்குத்தான் விண்ணப்பம் போட்டிருந்தார். ரசீது கையில் இருந்தது, கடவுச்சீட்டு வரவில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் அடிபட்டு, லயனை விட்டு வவுனியாவுக்கு ஓடினார். அடுத்த வருஷம் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோயிற்று. 1990-ல் போர் மறுபடி தொடங்கியபோது படகுக்குக் காசு கொடுத்து, குடும்பத்தோடு ராமேஸ்வரம் கரையில் இறங்கினார். மண்டபத்தில் பதிவு செய்து, பவானிசாகர் முகாமுக்கு அனுப்பினார்கள்.

பவானிசாகர் என்றதும் அரசு ஊழியர்களுக்குப் பயிற்சி நிலையம்தான் ஞாபகம் வரும். 1975-ல் வேலைக்குச் சேர்ந்த நானும் விதிகளைப் படித்தது அங்கேதான். குடிமக்களுக்கு எப்படிச் சேவை செய்வது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஊரில், குடிமகனா இல்லையா என்று தெரியாமல் ஒரு முகாமே முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறது.

அண்ணன், தம்பி இருவரும் ஒரே லயனில் பிறந்தவர்கள். அண்ணனின் பேத்தி இன்று அரசு மருத்துவமனையில் நர்ஸ். தம்பியின் பேரன் சத்தியமங்கலத்தில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடமும் கல்லூரியும் படித்து, பி.காம். முடித்தவன். அரசுத் தேர்வு எழுத முடியாது, கடவுச்சீட்டு கிடையாது, ஓட்டு கிடையாது. பெயின்ட் வேலைக்குப் போகிறான். புத்தியிலோ உழைப்பிலோ அவன் குறைந்தவன் இல்லை. தாத்தா வந்த வண்டி வேறு, அவ்வளவுதான். ஒருவர் கப்பலில் வந்தார், மற்றவர் படகில் வந்தார்.

இந்தக் கதை எனக்கு நெஞ்சில் தைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. நான் காரைக்காலில் பிறந்தவன். சிறு வயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன். (அதனால் இந்த வேலைக்கு வந்தபின் தமிழ் மொழித்தேர்வு எழுதி என் தமிழை நிரூபிக்க வேண்டியிருந்தது, அது வேறு கதை.) 1962 ஆகஸ்ட் 16-ல் பிரெஞ்சு இந்தியா சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்கு வயது பதினொன்று. அங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள், பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஏற்பாடு. 'ஒப்சியோன்' என்போம். என் பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதவில்லை. ஒரே முற்றத்தில் இரண்டு தேசம். பெரியப்பா சாகும்வரை சொல்தா பென்ஷன் வாங்கினார், அவர் பேரப்பிள்ளைகள் பாரீசில் இருக்கிறார்கள். அப்பா இந்தியராக இருந்து இந்தியராகவே போனார். யாருக்கும் வருத்தம் இல்லை. காரணம், எங்களைக் கேட்டார்கள். ஒரு படிவம், ஒரு கெடு, ஒரு கையெழுத்து. அதன்பின் எவனும் எங்களை 'நீ யார்?' என்று கேட்கவில்லை.

காரைக்காலுக்கு ஆறு மாதத்தில் முடிந்த காரியம் முகாமுக்கு நாற்பது வருஷத்தில் ஏன் முடியவில்லை? சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் எவரும் பிறப்பால் குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு, ஒருவர் இந்தியர், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவர் என்று விதி இறுகியது. படகில் வந்தவரிடம் கடவுச்சீட்டு இல்லையே, அதனால் சட்டத்தின் கண்ணில் அவர் சட்டவிரோதக் குடியேறி. பதிவு செய்து குடியுரிமை பெறும் வழியையும் அந்தச் சொல்லே அடைத்துவிட்டது. 2019 திருத்தச் சட்டம் அந்தத் தடையைப் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த ஆறு மதத்தாருக்கு நீக்கியது. இலங்கை அதில் இல்லை.

நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேர், நாங்கள் இந்திய வம்சாவளி என்று வழக்குப் போட்டார்கள். அவர்கள் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி 2019 ஜூனில் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கொடுக்கச் சொல்லி 2022-ல் உத்தரவு வந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். முப்பத்தெட்டு வயதில் முதல் ஓட்டு. பிறந்த அன்றே அவருக்கு இருந்த உரிமையைத்தான் கோர்ட்டுக்குப் போய் வாங்கினார்.

இதே விதி நம் ஊட்டியிலும் வேறொருவருக்குப் பயன்பட்டிருக்கும். தாவரவியல் பூங்கா அருகே ஸ்வெட்டர் விற்கிற திபெத்தியர்களைத் தெரியும் அல்லவா? அவர்களும் தஞ்சம் புகுந்தவர்கள்தான். 1987-க்கு முன் இந்தியாவில் பிறந்த திபெத்தியப் பெண் ஒருவர் இந்தியக் குடிமகளே என்று டில்லி உயர் நீதிமன்றம் 2010-ல் சொல்லிவிட்டது. திபெத்தியருக்குச் சரியான சட்டம் தமிழருக்கும் சரிதானே.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். இந்தியா என்ன தர்மசத்திரமா என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கில் கேட்டார்கள். தண்டனை பெற்ற ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கு அது. சத்திரம் இல்லை என்பது சரி. அப்படியானால் நாற்பது வருஷமாக ஒரு குடும்பத்தைச் சத்திரத்தில் வைத்திருப்பது ஏன்? போக விரும்புகிறவரை மரியாதையாக அனுப்பிவையுங்கள். 2009-க்குப் பிறகு அப்படிப் போனவர்கள் உண்டு. இருக்க விரும்புகிறவரை வீட்டு ஆளாக்குங்கள். இரண்டும் செய்யாமல் படியளந்துகொண்டே இருப்பதுதான் சத்திரம்.

"கொடுத்தால் இன்னும் வருவார்களே" என்பது இன்னொரு வாதம். அதற்குத்தான் கெடுத் தேதி என்று ஒன்று இருக்கிறது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் கெடு 2014 டிசம்பர் 31. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது: 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள்மேல், கடவுச்சீட்டு இல்லாமல் வந்ததற்காக நடவடிக்கை இல்லை என்று. இரண்டு கெடுவுக்கும் இடையே ஒன்பது நாள்தான். முன்னதில் வந்தவருக்குக் குடியுரிமை, பின்னதில் வந்தவருக்குத் 'தண்டனை இல்லை'. வரவேற்கத்தக்க ஆணைதான். ஆனால் கள்ளன் இல்லை என்று சொல்வதும் வீட்டுப் பிள்ளை என்று சொல்வதும் ஒன்றாகாது.

என் உறவினர்கள் வழியாகப் பிரான்சின் நடைமுறை கொஞ்சம் தெரியும். போர்க்காலத்தில் அங்கே போன ஈழத்தமிழர்கள் ஏராளம். தஞ்சம் கேட்பவருக்கு விசாரணை முடியும்வரை ஒரு படி, தனி ஆளுக்கு நாளைக்கு ஏழு யூரோகூட வராது. பலரை நிராகரிக்கவும் செய்கிறார்கள். மென்மையான அரசு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அகதி என்று ஏற்றுக்கொண்டால் பத்து வருஷத்துக்கான குடியிருப்பு அட்டை, பிறகு குடியுரிமைக்கு மனு. மற்ற வெளிநாட்டவருக்குச் சொல்லும் ஐந்து வருஷக் காத்திருப்புகூட அகதிக்கு இல்லை. படி முடியும் இடத்தில் உரிமை தொடங்குகிறது. இங்கே படி முடிவதில்லை, உரிமை தொடங்குவதும் இல்லை.

மாநில அரசால் பணம் கொடுக்க முடியும், குடியுரிமை கொடுக்க முடியாது. அது மத்திய அரசின் அதிகாரம். அதனால் சென்னை தொகையைக் கூட்டுகிறது, டில்லி பேசாமல் இருக்கிறது. தொகை கூடக் கூட, "அவர்களுக்கு என்ன குறை?" என்று நம்மைப் போன்றவர்கள் கேட்கிறோம். உதவியே உரிமைக்கு முட்டுக்கட்டை ஆகிவிடுகிறது.

எனக்குத் தோன்றும் வழி பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, தாலுகா அலுவலகத்து வழிதான். வருஷா வருஷம் ஜமாபந்தி நடத்துகிறோமே, கிராமக் கணக்கையெல்லாம் ஒரே இடத்தில் வைத்து மனுவை வாங்கி முடிக்கிறோமே, அதுபோல நூற்றுச்சொச்சம் முகாம்களிலும் ஒரு ஜமாபந்தி நடத்தலாம். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் யார் என்று பிறப்புப் பதிவேட்டைப் பார்த்து முதல் பட்டியல். இவர்களுக்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். மலையகப் பூர்வீகம் உள்ளவர் இரண்டாவது பட்டியல். முகாம்களில் இருக்கும் 58 ஆயிரம் பேரில் இவர்கள் பாதியளவு என்கிறார்கள். 1964-ல் நாம் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட கடனின் பாக்கி இவர்கள். மற்றவர்கள் மூன்றாவது பட்டியல். திரும்புவதா, இருப்பதா என்று அவர்களைக் கேட்டு, ஆறு மாதக் கெடு கொடுத்து, எழுதி வாங்கலாம். 2014 டிசம்பர் கெடுவுக்கு உட்பட்டவர்களுக்கு அந்தத் திருத்தச் சட்டத்தில் ஒரு நாட்டின் பெயரைச் சேர்த்தால் போதும். அதன்பிறகு யாருக்கும் முகாம் தொகை வேண்டியிராது. ஏழையாக இருந்தால் மற்ற ஏழைகளைப் போல ரேஷன் கடையில் நிற்கட்டும். என் நண்பர் கவலைப்படுகிற செலவும் அப்போதுதான் நிற்கும்.

கடைசியாக, இதைப் படிக்கும் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர், அல்லது உங்கள் தாய் தகப்பன், கப்பலில் வந்தவர்கள். அந்தக் குடும்ப அட்டையும் பழைய கடவுச்சீட்டும் பெட்டியின் அடியில் கிடக்கும். இனி எதற்கு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் உங்கள் அப்பா பெயரும் பூர்வீக ஊரும் இருக்கின்றன. உங்கள் சித்தப்பனோ அத்தையோ படகில் வந்து ஏதாவது முகாமில் இருந்தால், அவர்கள் இன்ன ஊர்க்காரர் என்று மனுவோடு வைக்கத்தக்க காகிதம் அதுதான். ஒரு நகல் எடுத்து அனுப்பிவையுங்கள். அவர்களை அடையாளம் சொல்லக்கூடிய வயதில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்ச காலம்தான் இருப்போம்.